முட்டுக்கட்டை போடுறவங்க: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் கொடைக்கானல் பாதைகளும்

வட்டக்கானல் போயிருக்கீங்களா? கொடைக்கானல் டூர்னா பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு நடை போயிருப்பீங்க. கடைகளைத் தாண்டினதும் இறக்கம் ஆரம்பிக்கும். மரத்தோட வேர்களே படிக்கட்டு. அப்படியே இறங்கினா டால்பின் நோஸ் பாறை, அதுக்குக் கீழே எக்கோ ராக். நம்மில் பலர் அங்கே ஒரு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடுவோம். ஆனா பாதை அங்கே முடியறதில்லை. இன்னும் கீழே இறங்கி, நெடுங்காலமா சாலையே இல்லாம நடந்தே போய்வந்துகிட்டிருந்த வெள்ளகவி கிராமத்துக்குப் போகும். அதையும் தாண்டி கும்பக்கரை, பெரியகுளம் பக்கம் இறங்கிடும். காட் ரோடு வர்றதுக்கு முன்னாடி மலைக்கு ஏறினவங்க இந்தப் பக்கமாத்தான் ஏறினாங்க.

அந்த இறக்கத்தில் கொஞ்ச தூரம் போனதும் போன்ல சிக்னல் போயிடும். ஆனா ஆஃப்லைன் மேப் செயலி ஏதாவது வெச்சிருந்தா, நீலப்புள்ளி மட்டும் நகர்ந்துகிட்டே இருக்கும். அதுக்கு அடியில் ஒரு மெல்லிய புள்ளிக்கோடு. அந்தக் கோட்டை நம்பித்தான் அடுத்த அடி வைக்கிறோம். ஒரு பக்கம் சோலை, இன்னொரு பக்கம் அதலபாதாளம்.

அந்தக் கோட்டை வரைந்தது யார்? ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரியான செயலிகளில் நீங்க பார்க்கிற கோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருது. அதை வரைந்தவர் சம்பளம் வாங்கின சர்வேயரா இருக்கணும்னு அவசியமில்லை. உங்களை மாதிரி, என்னை மாதிரி யாரோ ஒருத்தர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைந்திருக்கலாம். அப்படின்னா அது சரின்னு யார் சொன்னது? தப்பா இருந்தா யாரைக் கேட்கிறது? இந்த ரெண்டு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா, தன்னார்வலர்கள் நடத்துற ஒரு திறமூலத் திட்டம் உள்ளுக்குள் எப்படி ஓடுதுன்னு நல்லாவே புரிஞ்சுடும். 'ஓப்பன் சோர்ஸ்னா ஃப்ரீ, கிட்ஹப்ல இருக்கும்' என்கிற அளவில் நின்னுட்டவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சுருக்கமா வரலாறு. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பிச்சது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அரசு வரைபடத் தரவையே மக்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த எரிச்சலில் பிறந்த திட்டம். விக்கிபீடியா மாதிரி எல்லாரும் சேர்ந்து உலகத்துக்கே ஒரு வரைபடம் போடலாமேன்னு யோசனை. இன்னைக்குப் பதிவு செஞ்ச கணக்குகள் ஒரு கோடிக்கும் மேல். அதில் பெரும்பாலானவங்க ஒரு கோடு கூடப் போட்டதில்லை என்பது வேற கதை. நம்ம கிளப் வாட்ஸ்அப் குரூப் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

இதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு தரவு: சாலை, ஓடை, கோயில், டீக்கடை. இன்னொண்ணு மென்பொருள்: வலைத்தளம் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதினது, உலாவியிலேயே திருத்த உதவும் ஐடி தொகுப்பான், ஜாவாவில் எழுதின ஜோஸ்ம், முகப்பு வரைபடத்துக்கு நிறமும் கோடும் கொடுக்கிற கார்ட்டோ. மென்பொருள் முழுக்க திறமூலம்தான். ஆனா தரவுக்கும் மென்பொருளுக்கும் நிர்வாக முறை நேர் எதிர். இங்கேதான் பாடமே ஆரம்பிக்குது.

பூட்டில்லாத வீடு

மென்பொருள் பக்கம் நமக்குப் பழக்கமானதுதான். ஃபோர்க் பண்ணி, மாத்தி எழுதி, புல் ரிக்வெஸ்ட் போடணும். பராமரிப்பாளர் பார்ப்பார், கேள்வி கேட்பார், பிடிச்சா மெர்ஜ். பிடிக்கலைன்னா மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தரவுப் பக்கம் அப்படி இல்லை. கணக்குத் திறந்து அஞ்சு நிமிஷத்தில் கொடைக்கானல் ஏரியையே நீங்க அழிக்கலாம். அனுமதி கேட்க யாரும் இல்லை. சேமி பொத்தானை அழுத்தினதும் நேரடியா உலகத் தரவுத்தளத்துக்குள் போயிடும். கிட் பாஷையில் சொன்னா, ஊரே மெயின் பிராஞ்சுக்கு நேரா புஷ் பண்ணுது. பாதுகாப்புப் பூட்டு எதுவும் கிடையாது. முதல் தடவை கேட்டப்போ எனக்கு இது பைத்தியக்காரத்தனமாத்தான் தெரிஞ்சது.

அது ஏன் உடையாம நிக்குதுன்னா, எந்த மாற்றமும் அடையாளம் இல்லாம நடக்கிறதில்லை. வரைபடத்தில் இருக்கிற எல்லாமே மூணே வகைதான்: புள்ளி, புள்ளிகளைச் சேர்த்த கோடு, இவை சேர்ந்த தொகுப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஓர் எண், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வெர்ஷன். நீங்க ஒரு தடவை சேமிச்ச எல்லா மாற்றமும் ஒரு சேஞ்ச்செட். அதில் யார், எப்போ, எந்தச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, என்ன காரணத்துக்காக மாத்தினாங்கன்னு பதிவாகிடும். அதுக்குக் கீழே யார் வேணும்னாலும் கேள்வி கேட்கலாம். அழிச்சது கூட ஒரு வெர்ஷனா நிக்கும், காணாம போகாது. ஏரியை அழிச்சா யாராவது பார்த்துத் திருப்பி வெச்சுடுவாங்க. நமக்கு வர்ற கேள்வி அந்த 'யாராவது' யார் என்பதுதான்.

என் கதையைச் சொல்றேன். இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து, கொடைக்கானலுக்கு மேற்கே காட்டுக்குள் செயற்கைக்கோள் படத்தில் நேரா ஒரு கோடு போறதைப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் பளிச்னு வெளிறின கோடு. ஆகா, யாரும் வரையாத பாதைன்னு சந்தோஷத்தில் ரெண்டு கிலோமீட்டருக்கு 'ஹைவே = பாத்'னு போட்டுட்டேன். குறிப்பில் 'விடுபட்ட பாதை சேர்க்கப்பட்டது'ன்னு பெருமையா எழுதினேன்.

மூணு நாள் கழிச்சு ஒரு கமெண்ட். முன்பின் தெரியாத ஒரு பயனர். 'வணக்கம், சேர்த்ததுக்கு நன்றி. இது நேரில் பார்த்ததா, இல்லை படத்தை மட்டும் பார்த்து வரைந்ததா? அந்தப் பக்கம் வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்காங்க. அது நடக்கிற பாதை கிடையாது. ஓர் இடத்தில் பாறை விளிம்பு வரைக்கும் போகும்.'

ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல கோபம் வந்தது, நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து வரைஞ்சேனேன்னு. அப்புறம்தான் கடைசி வாக்கியம் மண்டையில் இறங்கிச்சு. அந்த மூணு நாளில் யாராவது ஆஃப்லைன் மேப்பை அப்டேட் பண்ணிக்கிட்டு, பனிமூட்டத்தில் அந்தக் கோட்டைப் பிடிச்சு நடந்திருந்தா?

தேர்ல முட்டுக்கட்டை

ஊர் கூடித் தேர் இழுக்கிறதுன்னு சொல்வோம். திறமூலத்தைப் பத்திப் பேசினாலே யாராவது ஒருத்தர் இந்த உவமையை எடுத்துடுவாங்க. ஆனா தேரோட்டத்தைப் பக்கத்தில் நின்னு பார்த்திருக்கீங்களா? பழனியில் பங்குனி உத்திரத்துக்குப் போனீங்கன்னா வடத்தைப் பார்க்காதீங்க, சக்கரத்தைப் பாருங்க. வடம் பிடிக்க நூத்துக்கணக்கான பேர். சக்கரத்துக்குப் பக்கத்தில் மரக்கட்டையோட குனிஞ்சே ஓடுற நாலஞ்சு பேர் இருப்பாங்க. எந்தச் சக்கரத்துக்கு எப்போ கட்டையைக் கொடுக்கணும், எப்போ உருவணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். தேர் திரும்புறதும் நிக்கிறதும் அவங்க கையில். நம்ம பேச்சில் மட்டும் 'முட்டுக்கட்டை போடாதே'ன்னா திட்டு!

எனக்குக் கமெண்ட் போட்டவர் ஒரு முட்டுக்கட்டைக்காரர். தன்னார்வத் திட்டங்களில் வடம் பிடிக்கிறவங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோடு வரைய, கோடு எழுத ஆயிரம் பேர் வருவாங்க. வந்ததைப் பார்த்து, சரிபார்த்து, மனசு நோகாம 'இது தப்பு'ன்னு சொல்றதுக்குத்தான் ஆள் கிடைக்காது. லினக்ஸ் கெர்னலோ பைத்தானோ, எந்தப் பெரிய திட்டத்தை எடுத்தாலும் பராமரிப்பாளர்களின் புலம்பல் இதுதான். புது வசதி எழுதித் தர்றவங்க கிடைக்கிறாங்க, அதை மதிப்பாய்வு செய்யத்தான் நேரம் கிடைக்கலைன்னு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்த வேலை பல தட்டுகளில் நடக்குது. அடித்தட்டில் சாதாரணப் பயனர்கள். தன் ஊர்ப்பக்கம் ஏதாவது மாறினா எச்சரிக்கை வர்ற மாதிரி சிலர் வெச்சிருப்பாங்க. சேஞ்ச்செட்களை வடிகட்டிப் பார்க்கிற கருவிகளும் இருக்கு. பேசித் தீரலைன்னா மேலே தரவுப் பணிக்குழுன்னு ஒண்ணு. அவங்களும் தன்னார்வலர்கள்தான். நாசவேலை, பெயர்ச்சண்டை, உரிமம் மீறல் எல்லாம் அவங்ககிட்டப் போகும். திருத்தத்தைத் திருப்பலாம், கணக்கைத் தடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்களோட 'பூஜ்ய மணி நேரத் தடை'. தடை நேரம் பூஜ்யம். ஆனா நீங்க லாகின் பண்ணி, அவங்க எழுதின செய்தியைப் படிச்சாதான் அடுத்த திருத்தம் செய்ய முடியும். கமெண்ட்டைக் கண்டுக்காம வரைஞ்சுகிட்டே போறவரைத் தோளைத் தட்டிக் கூப்பிடுற மாதிரி. தண்டனை கொடுக்கிறதுக்கு முன்னாடி காதுகொடுக்க வைக்கிறதுக்கு ஓர் ஏற்பாடு. கல்லூரிகளில் இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

சோலையும் வாட்டிலும் ஒரே பச்சை

கோடு தப்பா இருந்தா நேரில் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கலாம். சொல் தப்பா இருந்தா? இது இன்னும் கஷ்டமான இடம்.

பழனி மலையின் மேல்பகுதி இயற்கையில் ரெண்டு நிறம். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி. வெள்ளைக்காரன் காலத்தில் புல்வெளியைத் தரிசுன்னு நினைச்சாங்க. அப்புறம் வாட்டில், பைன், யூகலிப்டஸ் எல்லாம் நட்டாங்க. சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிக்கலை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாற்பது வருஷத்தில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிடுச்சுன்னு காட்டியது. காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். அதாவது இங்கே ஒரு பச்சை இன்னொரு பச்சையைத் தின்னுகிட்டிருக்கு.

இப்போ வரைபடத்துக்கு வாங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் காட்டுக்கு ரெண்டு டேக் இருக்கு: 'நேச்சுரல் = வுட்', 'லேண்ட்யூஸ் = ஃபாரஸ்ட்'. முதலாவது இயற்கைக் காடு, இரண்டாவது மனுஷன் பராமரிக்கிற காடுன்னு ஒரு தரப்பு சொல்லும். அதெல்லாம் இல்லை, ரெண்டும் ஒண்ணுதான்னு இன்னொரு தரப்பு. பத்து வருஷத்துக்கும் மேலா ஓடுற சண்டை, இன்னும் முடியலை. முகப்பு வரைபடத்தை உருவாக்கும் கார்ட்டோ ரெண்டையும் ஒரே பச்சையில்தான் காட்டுது. சரி, இலை வகையைச் சேர்த்தா வித்தியாசம் தெரியுமான்னு பார்த்தா, பைன் ஊசியிலைன்னு பிரிஞ்சுடும். ஆனா சோலையும் அகன்ற இலை, என்றும் பசுமை. யூகலிப்டஸும் அகன்ற இலை, என்றும் பசுமை! டேக் படி ரெண்டும் ஒண்ணு. ஆயிரக்கணக்கான வருஷம் பழசான சோலையும், நம்ம தாத்தா காலத்தில் நட்ட தைலமரத் தோட்டமும் வரைபடத்தில் அண்ணன் தம்பி. மரத்தின் பேரினத்தைத் தனி டேக்காகச் சேர்த்தாதான் பிரிக்க முடியும். அதுக்கு மரம் தெரிஞ்சவர் வேணும்.

புதுசா ஒரு டேக் வேணும்னா என்ன செய்யணும்? யாருக்கும் மனு போட வேண்டாம். 'உனக்குப் பிடிச்ச டேக்கைப் போட்டுக்கோ' என்பதுதான் அடிப்படை விதி. நாளைக்கே 'நேச்சுரல் = சோலா'ன்னு நீங்க எழுதலாம், மென்பொருள் மறுக்காது. ஆனா எந்தச் செயலிக்கும் அது புரியாது. எல்லாருக்கும் புரியணும்னா முன்மொழிவு எழுதணும். குறைஞ்சது ரெண்டு வாரம் விவாதம், பிறகு குறைஞ்சது ரெண்டு வாரம் வாக்கெடுப்பு. நாலில் மூணு பங்கு ஆதரவு கிடைச்சா அங்கீகரிக்கப்பட்டதா அர்த்தம். அங்கீகாரம் கிடைச்சாலும் கட்டாயம் இல்லை. யாரும் பயன்படுத்தலைன்னா அது காகிதத்தோட சரி.

அப்போ உண்மையான அதிகாரம் எங்கே? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு இடத்தில். ஒண்ணு, ஐடி தொகுப்பானில் நீங்க 'காடு'ன்னு தட்டினதும் முதல்ல வர்ற தேர்வு எதுவோ, அதைத்தான் புதுசா வர்றவங்க எல்லாரும் போடுவாங்க. இன்னொண்ணு, கார்ட்டோவில் எதுக்கு நிறம் கிடைக்குதோ அதைத்தான் மக்கள் வரைவாங்க. வரைஞ்சது கண்ணுக்குத் தெரியலைன்னா யார் மெனக்கெடுவா? வாக்கெடுப்பில் கலந்துக்காத, விவாதத்தில் வாயே திறக்காத ரெண்டு கிட்ஹப் களஞ்சியங்களின் பராமரிப்பாளர்கள், ஒரு புல் ரிக்வெஸ்ட்டை ஏத்துக்கிறதாலேயோ ஒதுக்குறதாலேயோ உலகத்தின் பாதி வரைபடக்காரங்களோட பழக்கத்தை மாத்திட முடியும். இது அவங்க தப்பில்லை. யாராவது ஒரு இயல்புத் தேர்வு வெச்சுத்தானே ஆகணும்! ஆனா 'இது ஜனநாயகம்'னு மட்டும் நம்பிக்கிட்டு வர்றவங்க முதல்ல தடுக்கி விழுறது இங்கேதான். அதனாலதான் ஐடி தொகுப்பானைச் சுத்தி நடந்த வாக்குவாதங்கள் அவ்வளவு காரமா இருந்தது. இப்போ அதைப் பராமரிக்க அறக்கட்டளையே ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்குது.

அறக்கட்டளைன்னதும் முதலாளின்னு நினைச்சுடாதீங்க. 2006-ல் இங்கிலாந்தில் பதிவு செஞ்ச ஒரு அமைப்பு. சர்வர், டொமைன், வழக்கு விவகாரம் இதெல்லாம் பார்த்துக்கும். எதை எப்படி வரையணும்னு சொல்ல மாட்டேன்னு அதுவே எழுதி வெச்சிருக்கு. ஏழு பேர் குழு, உறுப்பினர்கள் வாக்களிச்சுத் தேர்ந்தெடுப்பாங்க. உறுப்பினர் ஆக சந்தா உண்டு. ஆனா ஒரு வருஷத்தில் 42 நாள் வரைபடத்தில் வேலை செஞ்சிருந்தா சந்தா இல்லாமலே சேரலாம். காசுக்குப் பதிலா உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கிறாங்க. மாணவர்கள் கவனிக்க வேண்டிய விதி இது.

இருக்கு, ஆனா போகக்கூடாது

மறுபடியும் காட்டுக்குப் போவோம். நான் வரைந்தது இல்லாத பாதை. இருக்கிற பாதை, ஆனா போகக்கூடாத பாதைன்னா என்ன செய்வீங்க?

பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேணும். அதுக்கும் அப்பால், கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன் வரைக்கும், பழைய கொடைக்கானல்–மூணாறு சாலை கிடக்கு. 'எஸ்கேப் ரோடு'ன்னு பேர். முப்பது வருஷத்துக்கும் மேலா பொதுப் போக்குவரத்துக்கு மூடிக் கிடக்கு. 2013-ல் இந்த மலையின் பெரும்பகுதி, 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல, வனவிலங்கு சரணாலயமா அறிவிக்கப்பட்டாச்சு. பழைய வரைபடங்களில் அது சாலை. இன்னைக்குக் காட்டெருமைக்கும் யானைக்கும் உரியது. வரைபடத்தில் அதை வைக்கிறதா, எடுக்கிறதா?

எடுத்துடணும்னு சொல்றவங்களுக்கு வலுவான காரணம் இருக்கு. 2018 மார்ச் 11-ம் தேதி, இங்கேயிருந்து ரொம்ப தூரம் இல்லாத போடி பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. கோட்டைப் பார்த்தா ஆசை வரும், ஆசை வந்தா ஆள் போகும், அதனால கோடே வேண்டாம் என்பது அந்தத் தரப்பு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகம் பெரும்பாலும் ஒத்துப்போற விதி வேற: தரையில் இருக்கிறதை வரை, அதோட நிலையையும் சொல். பாதை கண்ணுக்குத் தெரியுதுன்னா அழிக்காதே. 'ஆக்சஸ் = நோ' போடு, அனுமதி வாங்கிப் போகலாம்னா 'ஆக்சஸ் = பெர்மிட்' போடு. புதர் மூடிடுச்சுன்னா கைவிடப்பட்டதுன்னு டேக்கை மாத்து. ஏன்னு கேட்டா காரணம் ரொம்ப எதார்த்தமானது. நீங்க அழிச்சா, அடுத்த மாசம் இன்னொரு ஹாஸ்டல் ரூம்ல இன்னொரு பையன் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, 'ஆகா, விடுபட்ட பாதை'ன்னு மறுபடி வரைவான், எந்தத் தடைக்குறியும் இல்லாம. தடையோட இருக்கிற கோடு அவனைத் தடுக்கும். காட்டில் ஒருத்தர் காணாம போனா, தேடிப் போறவங்களுக்கும் அந்தக் கோடு உதவும்.

நான் இந்த வாதத்தை ஏத்துக்கிறேன், முக்கால்வாசி. மீதிக் கால்வாசி ஏன் உறுத்துதுன்னா, தடைக்குறியைச் சில செயலிகள் மங்கலாக் காட்டும், சில செயலிகள் கண்டுக்கவே கண்டுக்காது. தரவு போடுறவரும் செயலி எழுதுறவரும் வேற வேற ஆள். ஒருத்தர் கவனமா இருந்தது இன்னொருத்தர் திரையில் காணாம போயிடுது. அமெரிக்காவில் இதுக்காகவே தன்னார்வலர்களும் வனத்துறை, தேசியப் பூங்கா ஆட்களும் செயலி நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுற ஒரு பணிக்குழு வெச்சிருக்காங்க. நம்ம பக்கம் அப்படி ஒரு மேசை போடலாம். தமிழ்நாடு அரசே 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 மலையேற்றப் பாதைகளை அறிவிச்சு ஆன்லைன்ல பதிவு செய்ய வெச்சிருக்கு. எது திறந்த பாதை என்பதுக்கு இப்போ அதிகாரபூர்வமான பதில் கொஞ்சமாவது இருக்கு.

செயலிகளைப் பத்திப் பேசும்போது ஃபோர்க் கதையையும் ஒரு வரியில் சொல்லிடறேன். ஆர்கானிக் மேப்ஸ், மேப்ஸ்.மீ என்கிற செயலியின் திறமூல நிரலிலிருந்து பிரிஞ்சு வந்தது. 2025-ல் அதன் பங்களிப்பாளர்களில் ஒரு பகுதியினர், முடிவெடுக்கிறதிலும் பணக்கணக்கிலும் வெளிப்படைத்தன்மை போதலைன்னு சொல்லி, கோமேப்ஸ்னு மறுபடி பிரிஞ்சு போனாங்க. நிரல் எல்லாருக்கும் பொது. அதனால சண்டை வந்தா வீட்டைப் பிரிக்கலாம், யாரும் வெறுங்கையோட வெளியே போக வேண்டியதில்லை. ஆனா பிரிஞ்சா முட்டுக்கட்டை போடுற ஆளும் பாதியாகிடும்.

அடுத்த தடவை போகும்போது

பழனி மலைக்கு இப்போ தேவைப்படுறது வரைய ஆள் இல்லை, பார்க்க ஆள். சென்னையிலேயோ பெங்களூருலேயோ ஒரு தெரு தப்பா இருந்தா நாலு பேர் கண்ணில் படும். பூம்பாறைக்கு மேலேயோ மன்னவனூர், கிளாவரைப் பக்கமோ தப்பா இருந்தா வருஷக்கணக்கில் அப்படியே நிக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் எந்தத் தெருவில் தண்ணின்னு மக்களே குறிச்ச வரைபடம் இதே தரவு மேலதான் கட்டப்பட்டது. முன்னாடியே யாரோ தெருக்களை வரைஞ்சு வெச்சிருந்ததால அது முடிஞ்சது. மலைக்கிராமங்களுக்கு நிலச்சரிவு வந்தா?

அதனால அடுத்த தடவை போகும்போது ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் போட்டுக்கிட்டுப் போங்க. அது பக்கத்தில் இருக்கிறதைப் பத்திச் சின்னச் சின்னக் கேள்வி கேட்கும்: இந்தப் பாதை மண்ணா கல்லா, இந்தக் கடை இன்னும் இருக்கா. நேரில் பார்த்துப் பதில் சொன்னா போதும். ஜிபிஎஸ் தடம் பதிவு செஞ்சா இன்னும் நல்லது. ஆனா சோலைக்குள் மரக்கூரைக்கு அடியிலும் பாறைச்சுவருக்குப் பக்கத்திலும் சிக்னல் எதிரொலிச்சு, தடம் பல மீட்டர் தள்ளி விழும். செயற்கைக்கோள் படமும் சரிவுகளில் விலகித்தான் இருக்கும். ரெண்டு மூணு தடவை நடந்த தடங்களை மேலே மேலே போட்டுப் பார்த்து, படத்தை நகர்த்திச் சரிசெஞ்ச பிறகு வரையுங்க. கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கவே கூடாது, ஒரு கடைப்பெயரைக் கூட. 2012-ல் உரிமம் மாறினப்போ, புது உரிமத்துக்குச் சம்மதிக்காதவங்க போட்ட தரவையே தேடித்தேடி நீக்கினவங்க இவங்க. இந்த விஷயத்தில் சலுகை எதிர்பார்க்காதீங்க.

பெயர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க. தமிழ்ப்பெயருக்குத் தனி டேக் உண்டு. அதில் மொழிபெயர்ப்பு வேண்டாம், அங்கே இருக்கிறவங்க வாயில் வர்ற பெயர்தான் வேணும். பில்லர் ராக்ஸைத் தூண் பாறைன்னு சொல்றாங்க, அதைப் போடலாம். டால்பின் நோஸை யாரும் 'டால்பின் மூக்கு'ன்னு சொல்றதில்லை, விட்டுடுங்க. டெவில்ஸ் கிச்சனுக்கு 1991-ல் வந்த ஒரு படத்தாலே குணா குகைன்னு பேராச்சு. 2006-ல் அங்கே நடந்த விபத்தை வெச்சு 2024-ல் மலையாளப் படம் வந்தப்புறம் உலகத்துக்கே அதுதான் பேர். பழைய பேரும் புதுப் பேரும் ரெண்டும் டேக்கில் இருக்கட்டும். மதிகெட்டான் சோலைன்னு ஒண்ணு இருக்கே, உள்ளே போனா வழி மறந்துடும்னு சொல்வாங்க. அதோட எல்லை எதுன்னு உள்ளூர்ப் பெரியவர்கிட்ட கேட்டுப் பாருங்க. செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது.

யாராவது உங்க சேஞ்ச்செட்டில் கமெண்ட் போட்டா அன்னைக்கே பதில் எழுதுங்க. நானும் எழுதினேன். 'நேரில் பார்க்கலை, மன்னிக்கணும். அழிச்சுடட்டுமா?'ன்னு கேட்டேன். 'வேண்டாம், தீத்தடுப்புக் கோட்டுக்குத் தனி டேக் இருக்கு'ன்னு சொல்லிக் கொடுத்தார். அந்தக் கோடு இப்பவும் வரைபடத்தில் இருக்கு. வெர்ஷன் 1: பாதை. வெர்ஷன் 2: காட்டை வெட்டிய கோடு, தீத்தடுப்பு. ரெண்டுக்கும் கீழே என் பேர்தான். நடுவில் நடந்த பேச்சு மட்டும் சேஞ்ச்செட்டைத் திறந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும்.